பனிக்கட்டியின் அடியில் விளையும் பயிர்



மீன் விற்க வரும் வண்டியில் ஐஸ் கட்டிகளை உடைத்து, மீனின் மேலும் கீழும் பரப்பி வைத்திருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஐஸில் வைத்த பொருள் சீக்கிரம் கெடாது. ஏனென்றால் அந்தக் குளிரில் கிருமிகூட வேகமாகப் பெருக முடியாது. இது தாய்மார்கள் அனைவருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே, ஐஸுக்குள்ளே ஒரு பயிர் விளைகிறது என்று யாராவது சொன்னால் நமக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் அப்படி ஒரு பயிர் உண்டு. உலகத்தின் வடகோடியிலும் தென்கோடியிலும் கடல் உறைந்து கிடக்கிறது. அந்த உறைந்த கடலின் அடிப்பக்கத்தில், விதைப்பாரும் இல்லாமல் உரம் போடுவாரும் இல்லாமல், ஆண்டுதோறும் அது விளைகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பாசிதான் அந்தப் பயிர். அதை நம்பி மீன்களும், சீல் என்னும் கடல்நாய்களும், வெண்கரடிகளும் பிழைக்கின்றன. மலைபோன்ற திமிங்கிலங்களின் உணவிலும் அதற்குப் பங்கு உண்டு. அதைப்பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

பேச்சைத் தொடங்குமுன் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நாட்காட்டிப் படங்களிலும் மிட்டாய்க் காகிதங்களிலும் வெண்கரடியும் பெங்குவினும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஓவியர் செய்த வேலை. வெண்கரடி வடதுருவத்தில் மட்டும் இருக்கிறது. பனிக்கட்டியில் வாழும் பெங்குவின் தென்துருவப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கண்ணால் கண்டதே இல்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது உறைந்த கடலும் அதன் அடியில் வளரும் பாசியுந்தான்.

வெண்கரடி எதைத் தின்கிறது? சீலைத் தின்கிறது. சீல் எதைத் தின்கிறது? மீனை. மீன்? இறால் இனத்தைச் சேர்ந்த சிறு பிராணிகளை. சரி, அந்தச் சிறு பிராணிகள் எதைத் தின்கின்றன? இங்கேதான் நாம் நிற்க வேண்டியிருக்கிறது. தரையிலே என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். ஆடு புல்லைத் தின்கிறது, புல் சூரிய ஒளியால் வளர்கிறது. மாதக் கணக்கில் சூரியனே தலைகாட்டாத இடத்தில், கடலுக்கு மேல் ஆள் உயரத்துக்குப் பனிக்கட்டி மூடிக் கிடக்கும்போது, புல்லுக்கு எங்கே போவது?

விடையைத் தெரிந்துகொள்ளக் கடல்நீர் எப்படி உறைகிறது என்று முதலில் பார்ப்போம். நல்ல தண்ணீர் சுழி டிகிரி செல்சியஸில் உறையும். கடல்நீரில் உப்பு இருப்பதால், சுழிக்குக் கீழே ஏறக்குறைய 1.8 டிகிரி வரை குளிர்ந்தால்தான் அது உறையத் தொடங்கும். உறையும்போது நீர் மட்டுமே கட்டியாகும். உப்புக்கு அதில் இடம் கிடையாது. தள்ளப்பட்ட உப்பெல்லாம் கொஞ்சம் நீரோடு சேர்ந்து, கட்டியின் இடையிடையே மயிரிழை போன்ற வாய்க்கால்களாகவும் சிறு குழிகளாகவும் தங்கிவிடும். வீட்டில் ஐஸ் பெட்டி இருப்பவர்கள் ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீரும் இன்னொன்றில் உப்புத் தண்ணீரும் வைத்துப் பார்க்கலாம். நல்ல தண்ணீர் கல்லைப் போல உறையும். உப்புத் தண்ணீர் கலங்கலாக, கரண்டியால் சுரண்டினால் உதிரும்படியாக இருக்கும்.

ஆக, கடலில் மிதக்கும் பனிக்கட்டி நாம் நினைப்பதுபோல் கெட்டியான பாறையல்ல. ஆப்பத்தைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே எத்தனை கண்கள் தெரிகின்றன! அதைப்போலத்தான் இதுவும், உள்ளெங்கும் துளைகளும் அத்துளைகளில் உறையாத உப்புநீருமாக இருக்கிறது. மேற்பக்கம் கடுங்குளிர் என்றாலும், அடிப்பக்கம் கடலைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அங்கே குளிர் கடல்நீரின் அளவுக்கு மேல் போவதில்லை. அந்த அடிப்பக்கத்துச் சில அங்குலங்களில்தான் பாசி கூட்டங்கூட்டமாகக் குடியிருக்கிறது.

பாசி என்றவுடன் தண்ணீர்க் குழாயடியில் நம்மை வழுக்கி விழச்செய்யும் பச்சை வழவழப்பு நினைவுக்கு வரும். இதுவும் அந்தப் பெரிய குடும்பத்தோடு சேர்த்து எண்ணப்படுவதுதான். ஆனால் நிறம் பச்சையல்ல, தேநீரின் பழுப்பு. இவற்றில் பெரும்பகுதி டயாட்டம் என்ற வகை. ஒவ்வொன்றும் ஒரே ஓர் உயிரணு. மணலிலும் கண்ணாடியிலும் உள்ள அதே சிலிக்காவைக் கொண்டு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. பெட்டியும் மூடியும் போல இரண்டு பாகமாகப் பொருந்தியிருக்கும் அந்தக் கண்ணாடிக் கூட்டை நுண்ணோக்கியில் பார்த்தால், பொற்கொல்லர் செய்த சித்திர வேலை தோற்றுப்போகும். உறைந்துவிடாமல் இருக்கவும் இவை வழி வைத்திருக்கின்றன. வெண்டைக்காயை நறுக்கினால் வருமே ஒரு கொழகொழப்பு, அதைப்போன்ற ஒரு பசையைத் தம்மைச் சுற்றிக் கசியவிடுகின்றன. பனிப்படிகம் தம் பக்கத்தில் பெரிதாக வளராதபடி தடுக்கும் ஒருவகைப் புரதத்தையும் சுரக்கின்றன.

இந்தப் பழுப்பு நிறத்தைத் துருவக் கடலில் போன மாலுமிகள் வெகுகாலமாகவே பார்த்திருக்கிறார்கள். அது உயிருள்ள பொருள் என்பதைத் தென்துருவக் கடலில் கூர்ந்து நோக்கி எழுதியவர் ஜோசப் ஹூக்கர் என்ற ஆங்கிலேயத் தாவர அறிஞர். 1839 முதல் 1843 வரை எரிபஸ், டெரர் என்ற இரண்டு பாய்மரக் கப்பல்கள் தென்துருவக் கடலைச் சுற்றி வந்தபோது, எரிபஸ் கப்பலில் அவர் உதவி மருத்துவராகப் போயிருந்தார். மரமோ புல்லோ இல்லாத அந்தக் கடலில் தாவர உயிர்களின் வேலையைச் செய்வது இந்தக் கண்ணாடிக் கூட்டுப் பாசியே என்பதை அவர் அப்போதே உணர்ந்துகொண்டார்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். தையானாலும் ஆடியானாலும் நமக்குப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். துருவங்களில் அப்படியில்லை. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் இருட்டு. கோடையில் மாதக்கணக்கில் சூரியன் மறைவதே இல்லை. இருட்டு முடிந்து சூரியன் எட்டிப் பார்க்கும் வசந்த காலத்திலும், பனிக்கட்டியின் மேல் வெண்பனி குவிந்து கிடப்பதால் அடியில் போய்ச் சேரும் ஒளி மிகவும் சொற்பம். மேலே விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காத இடத்திலும் இந்தப் பாசி வளர்கிறது.

எவ்வளவு சொற்ப ஒளி போதும் என்பதில் விஞ்ஞானிகளே அண்மையில் வியந்துபோனார்கள். ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் என்ற ஆராய்ச்சிக் கப்பல் 2019-ஆம் ஆண்டில் வேண்டுமென்றே வடதுருவப் பனிக்கட்டிக்குள் சிக்கிக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் அதனோடு மிதந்து சென்றது. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், சூரியன் திரும்பி வந்த சில நாட்களிலேயே, பனிக்கட்டிக்கு அடியிலுள்ள நீரில் நுண்பாசிகள் வளரத் தொடங்கிவிட்டதை அந்தக் கப்பலில் இருந்தவர்கள் கண்டார்கள். அந்த ஒளி, நம் ஊர் நண்பகல் வெயிலில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். இருட்டறை என்றே நாம் அதைச் சொல்லிவிடுவோம்.

பயிர் விளைந்தால் மேய வருவது இயற்கைதானே. வடதுருவக் கடலில் பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில், இறால் இனத்தைச் சேர்ந்த சிறு பிராணிகள் தலைகீழாக ஊர்ந்துகொண்டு பாசியைச் சுரண்டித் தின்கின்றன. நமக்குக் கூரையாகத் தோன்றுவது அவற்றுக்குப் புல்வெளி. நீரில் நீந்தும் கோப்பிபாட் என்ற இன்னொரு பிராணியும் வருகிறது. அளவில் அது ஓர் அரிசிமணிக்கும் குறைவு; ஆனால் உடம்பெல்லாம் கொழுப்பு. இதைத் தின்ன, ஒரு சாண் நீளமுள்ள துருவ காட் மீன் வருகிறது. அதன் குஞ்சுகள் பனிக்கட்டியின் வெடிப்புகளிலேயே ஒளிந்து வளரும். மீனைத் தேடி சீல் வருகிறது. சீல் மூச்சுவிட மேலே வரும் துவாரத்தின் ஓரத்தில் கரடி காத்துக் கிடக்கிறது.

அந்தக் கோப்பிபாட்டின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நாம் இன்று சொல்ல வந்ததின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. நார்வே நாட்டுக்கு வடக்கே ஸ்வால்பார்ட் என்ற தீவுக்கூட்டம் உள்ளது. அங்கே ஒரு கடற்கழியில் 2007-ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் பாசியையும் கோப்பிபாட்டையும் மாதாமாதம் கணக்கெடுத்தார்கள். ஆண்டுக்கு இரண்டு விளைச்சல் இருப்பது தெரிந்தது. முதல் விளைச்சல் ஏப்ரல் கடைசியில், பனிக்கட்டியின் அடியில். இரண்டாவது, பனிக்கட்டி உடைந்த பிறகு, ஜூலைத் தொடக்கத்தில், திறந்த நீரில் மிதக்கும் பாசி. குளிர்காலம் முழுவதும் பட்டினி கிடந்த தாய்க் கோப்பிபாட் முதல் விளைச்சலைத் தின்று, அந்தச் சத்தைக் கொண்டு முட்டையிடுகிறது. முட்டை பொரிந்து, குஞ்சு தின்னத் தொடங்கிப் பெரிதாகிவரும் வேளையில் இரண்டாவது விளைச்சல் தயாராக இருக்கிறது. முதல் சாப்பாடு தாய்க்கு, இரண்டாவது பிள்ளைக்கு. இடைவெளி இரண்டு மாதம்.

இப்போது பனிக்கட்டி வழக்கத்துக்கு முன்னதாகவே உடைந்துவிட்டால் என்ன ஆகும்? முதல் விளைச்சல் அரைகுறையாகப் போகும். இரண்டாவது விளைச்சல் முந்திக்கொண்டு வரும். குஞ்சு பிறந்து வளர்வதற்குள் அந்த விருந்தும் முடிந்துபோயிருக்கும்.

ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டியவர்களுக்கு இதை நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஏன் இருட்டோடு எழுந்து பிரட்டுக்கு ஓடினோம்? மரம் அதேதான், கத்தி அதேதான், வெட்டும் கையும் அதேதான். விடியலில் வெட்டினால் பால் கோப்பை நிறையும். வெயில் ஏறிய பிறகு வெட்டினால் கோப்பையின் அடிதான் நனையும். நேரம் தப்பினால் எல்லாம் இருந்தும் இல்லாத கதைதான். கோப்பிபாட்டின் நிலையும் அதுவே.

கரடி வரைக்கும் இந்தப் பாசியின் பங்கு போகிறதா, அல்லது இடையிலேயே கரைந்துவிடுகிறதா என்று ஒரு சந்தேகம் எழலாம். அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பனிக்கட்டியில் வளரும் சில டயாட்டங்கள் ஒருவகைக் கொழுப்புப் பொருளை உண்டாக்குகின்றன. திறந்த நீரில் மிதக்கும் பாசி வேறொரு வகையை உண்டாக்குகிறது. தின்பவர் உடம்பிலும், அவரைத் தின்பவர் உடம்பிலும் அந்தப் பொருள் தபால் முத்திரைபோல ஒட்டிக்கொண்டே போகும். கனடாவின் வடகோடியில் வெண்கரடிகளின் ஈரலைச் சோதித்து, 2018-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அக்கரடிகளின் உடம்பிலுள்ள கரிமச் சத்தில் சராசரியாக 86 விழுக்காடு பனிக்கட்டிப் பாசியிலிருந்து வந்தது என்பது அதில் தெரிந்தது. கரடி தன் வாழ்நாளில் ஒருமுறைகூட அந்தப் பாசியை வாயில் வைத்திருக்காது. ஆனாலும் அதன் உடம்பு பாசியால் ஆன உடம்பு.

தெற்கே போவோம். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடல் குளிர்காலத்தில் உறையும்போது, பனிக்கட்டியின் பரப்பு ஏறக்குறைய 1 கோடியே 80 இலட்சம் சதுர கிலோமீட்டராக விரியும். நம் மலேசிய நாட்டைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல். கோடையில் அதில் பெரும்பகுதி உருகிவிடும். இங்கே நடுநாயகமாக இருப்பது கிரில் என்னும் பிராணி. பெலாச்சான் செய்யப் பயன்படும் குட்டி இறாலை நாம் அறிவோம். கிரில்லும் பார்வைக்கு ஏறக்குறைய அப்படித்தான். இன்னும் கொஞ்சம் பெரிதாக, சுண்டுவிரல் நீளம் வளரும். கோடிக்கணக்கான டன் கிரில் அந்தக் கடலில் இருக்கிறது. உலகத்திலேயே பெரிய உயிரினமான நீலத் திமிங்கிலம் கோடைநாளில் இதைத்தான் டன் கணக்கில் விழுங்குகிறது. பெங்குவின்களுக்கும் பலவகைச் சீல்களுக்கும் இதுவே சோறு.

கிரில் கோடையில் முட்டையிடும். குஞ்சு பொரிந்து சில மாதங்களுக்குள் குளிர்காலம் வந்துவிடும். வளர்ந்த கிரில்லுக்குப் பட்டினியைச் சமாளிக்கத் தெரியும். தின்ன இல்லாதபோது அது தன் உடம்பையே சுருக்கிக்கொள்ளும். சட்டையை உரித்து முன்னைவிடச் சிறிய சட்டை போட்டுக்கொள்ளும். மரம் இலையுதிர்க்கும் மாதங்களில் சம்பளம் குறைந்தபோது நம் வீடுகளில் செலவைச் சுருக்கினோமே, அதைப்போல. குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. அதன் உடம்பில் சேமிப்பு எதுவும் கிடையாது. பனிக்கட்டியின் அடிப்பக்கத்தையும் பள்ளங்களையும் ஒட்டிக்கொண்டு, அங்குள்ள பாசியைச் சுரண்டித்தான் அது முதல் குளிர்காலத்தைக் கடக்கிறது. தென் அட்லாண்டிக் பகுதியில் பல பத்தாண்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் 2004-ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். முந்திய குளிர்காலத்தில் பனிக்கட்டி பரந்திருந்தால், அடுத்த கோடையில் கிரில் அதிகம். பனிக்கட்டி குறைந்திருந்தால் கிரில்லும் குறைவு.

இவ்வளவு தொலைவில் நடப்பதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். மலேசியா 2011-ஆம் ஆண்டில் அண்டார்டிக் உடன்படிக்கையில் சேர்ந்தது. அதற்கும் முன்பிருந்தே நம் நாட்டு விஞ்ஞானிகள் அங்கே போய்வருகிறார்கள். அவர்கள் கொண்டுவந்த துருவ நுண்பாசிகளைக் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடங்களில், குளிர்ப்பெட்டிக்குள் வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். வெளியே நம் ஊர் வெயில் கொளுத்த, உள்ளே துருவத்துப் பாசி.

பனிக்கட்டி குறைந்துவருவது உண்மை. 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் வடதுருவக் கடலின் பனிப்பரப்பு 34 இலட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து அதற்குமுன் அவ்வளவு குறைந்ததில்லை. தெற்கே 2023-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், உச்சத்திலும் பனிப்பரப்பு 1 கோடியே 70 இலட்சத்தைத் தாண்டவில்லை. அதுவும் அதற்குமுன் காணாத குறைவு.

ஆனால் பனிக்கட்டி குறைந்தால் உணவும் அந்த அளவுக்குக் குறையும் என்று நாம் கணக்குப் போட்டால் அது தவறாகிவிடும். கூரையைப் பிரித்தால் வீட்டுக்குள் வெயில் வரும் அல்லவா? திறந்த நீரில் ஒளி அதிகம் பட்டு, மிதக்கும் பாசி பெருகுகிறது. வடதுருவக் கடலில் 1998-க்கும் 2018-க்கும் இடையில் பாசி விளைச்சல் 57 விழுக்காடு கூடியதாக ஓர் ஆய்வு காட்டியது. மொத்த விளைச்சல் கூடுகிறது; ஆனால் அது வருகிற நேரம் வேறு, விளைகிற இடம் வேறு, தின்ன வருகிறவர்களும் வேறு. தெற்கிலிருந்து வெப்பம் தாங்கும் வேறொரு கோப்பிபாட் அங்கே நுழைகிறது. அது அளவில் சிறியது, கொழுப்பும் குறைவு. வடக்கத்திய மீனும் பறவையும் பழகியது கொழுத்த இரைக்கு. பானை நிறையச் சோறு இருந்தும் குழந்தை பசியோடு தூங்கப்போவது போன்ற நிலை இது. எந்த இடத்தில் இது எந்த அளவுக்குப் போகும் என்பது எங்கும் ஒன்றுபோல் இருக்காது. பனிக்கட்டி மெல்லியதானால் சில இடங்களில் அடியிலுள்ள பாசிக்கும் கொஞ்ச காலம் ஒளி கூடுதலாகக் கிடைக்கும்.

அந்த 2012-ஆம் ஆண்டிலேயே இன்னொன்றும் நடந்தது. முன்னே சொன்ன அதே போலார்ஸ்டெர்ன் கப்பல் அந்தக் கோடையில் வடதுருவக் கடலின் நடுப்பகுதிக்குப் போயிருந்தது. ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் அந்தியே போயத்தியுஸ் என்ற ஜெர்மானியப் பெண் விஞ்ஞானி. அங்கே பனிக்கட்டியின் அடியில் மெலோசிரா என்ற டயாட்டம், ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பெண்கள் விரித்துவிட்ட கூந்தல்போல நீளமாகத் தொங்கும். அவ்வாண்டில் பனிக்கட்டி மெலிந்து உருகியதால், அந்தக் கூந்தல்கள் கொத்துக்கொத்தாகக் கழன்று கீழே விழுந்தன. கப்பலிலிருந்தவர்கள் கேமராவைக் கடலடிக்கு இறக்கினார்கள். ஆழம் ஏறக்குறைய 4,000 மீட்டர். ஒருபோதும் வெளிச்சம் எட்டாத அந்தத் தரையில், பாசிக் கொத்துகள் திட்டுத்திட்டாகக் கிடந்தன.

அவற்றைச் சுற்றிலும் கடல் அட்டைகள் கூடியிருந்தன. லங்காவிப் பக்கம் காமாட் எண்ணெய் எடுப்பார்களே, அந்தக் காமாட்டின் தூரத்து உறவு. மேலிருந்து எப்போதாவது விழும் துணுக்குகளைப் பொறுக்கித் தின்று, இருட்டில் காலந்தள்ளும் பிராணிகள் அவை. சிலவற்றைப் பிடித்து வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே பனிக்கட்டிப் பாசி. அவை வழக்கத்தைவிடக் கொழுத்துப் பெரிதாக, இனப்பெருக்கத்துக்கும் தயாராக இருந்தன. மேலே பனிக்கட்டியை நம்பியிருந்தவர்களின் சாப்பாடு அவ்வாண்டு இவற்றின் வாய்க்குப் போய்விட்டது.